புகையில்லாத புகையிரதம்



நம் நாட்டிலே ரெயிலைப் புகையிரதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிலக்கரி எரித்து, நீராவி கக்கி, பனந்தோப்புகளின் மேலே கரும்புகையைப் பரப்பிக்கொண்டு அது வந்த காலத்தில் இட்ட பெயர். கரி போய் டீசல் வந்தது; பெயர் மாறவில்லை. டீசலுக்கும் ஓரளவு புகை உண்டு என்பதனால் அப்பெயர் இன்னும் முழுப் பொய்யாகிவிடவில்லை. மின்சாரத்தால் ஓடும் ரெயில் இலங்கையில் இதுவரை ஓடியதில்லை. ஆகவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் பலருக்கு இரு மடங்கு புதுமையாக இருக்கக்கூடும். மின்சார எஞ்சின்களின் சின்னஞ்சிறு மாதிரிகளைச் சேர்ப்பதும், சேர்த்தவற்றை மேசைமேல் ஓட்டுவதும்தான் அப்பொருள். ஐம்பது வயதைக் கடந்த பாடசாலை அதிபர் ஒருவர் வானொலிக்கு வந்து விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு சுளித்தவன்தான்.

என் தமக்கையின் கணவர் தென்மராட்சியிலிருந்து 1985-ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்துக்குச் சென்றவர். சென்ற நாள் முதல் ஓய்வு பெறும் வரை பேர்ண் நகரத்தில் ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை செய்தார். 2018-ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நான் அங்கு போயிருந்தேன். அந்நாட்டு மாடிவீடுகளிலே குடும்பத்துக்கு ஒன்றாக நிலவறை ஒன்று உண்டு. பழைய மிதிவண்டியும் உருளைக்கிழங்குச் சாக்கும் வைக்கும் இடம். அத்தான் என்னை அங்கே அழைத்துச் சென்று விளக்கைப் போட்டார். அறை முழுவதையும் ஒரு மேசை அடைத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் தண்டவாளம், அதன்மேல் கம்பங்களும் கம்பிகளும், ஒரு மூலையில் அட்டையாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆன மலை. மலையின் அடியிலிருந்த குகைக்குள்ளிருந்து பச்சை நிறமான ஒரு பிராணி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர் முதலை.

அந்த முதலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் உலகெங்கும் மாதிரி மின் எஞ்சின் சேர்ப்போரிடையே அதற்குள்ள மதிப்பு வேறெதற்கும் இல்லை எனலாம்.

சுவிற்சர்லாந்துக்குக் குறுக்கே அல்ப்ஸ் மலை கிடக்கின்றது. வடக்கே ஜெர்மனியிலிருந்து தெற்கே இத்தாலிக்குப் பொருள் போகவேண்டுமானால் மலையைத் தாண்டியே ஆகவேண்டும். கொத்தாட் என்னும் கணவாயின் கீழே 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடைந்து, 1882-இல் ரெயில் பாதை திறந்தார்கள். சுரங்க வாயிலை அடையுமுன் ரெயில் செங்குத்தான பள்ளத்தாக்கில் ஏறவேண்டும். நேரே ஏற இயலாது. ஆகவே பாதையை மலைக்குள் செலுத்தி, உள்ளேயே வட்டமிடச் செய்து, உயரமான இடத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். நமது மலைநாட்டிலே தெமோதரை நிலையத்தின் அடியிலேயே பாதை குகைக்குள் புகுந்து சுற்றி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொத்தாட் பாதையில் வாஸன் என்றொரு சிற்றூர். அதன் வெண்ணிறத் தேவாலயத்தை ரெயிலில் இருப்பவர் மூன்று தடவை காண்பார்; முதலில் தலைக்கு மேலே, பின்னர் கண்ணுக்கு நேரே, கடைசியில் காலுக்குக் கீழே.

இந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் நாற்பதாண்டு காலம் மூச்சுத் திணறி ஏறின. முதலாவது உலகப் போரின்போது நிலக்கரி கிடைப்பது அரிதாயிற்று. சுவிற்சர்லாந்தில் போதிய கரி இல்லை; வாங்கித்தான் எரிக்கவேண்டும். ஆனால் மலையிலிருந்து விழும் நீருக்குப் பஞ்சமில்லை. அந்நீரால் மின்சாரம் எடுத்து ரெயிலை ஓட்டுவது என்று முடிவு செய்து, 1920 தொடக்கம் 1922 வரை கொத்தாட் பாதை முழுவதற்கும் மேலே கம்பி இழுத்தார்கள். கம்பியில் 15,000 வோல்ற், ஆடலோட்ட மின்சாரம். சரக்கு ரெயில்களை இழுப்பதற்கு 1919 முதல் செய்யப்பட்ட எஞ்சினே நமது முதலை. முதல் வகையில் 33 எஞ்சின்கள். 1926-இலும் 1927-இலும் சிறிது மாற்றிச் செய்தவை 18. வளைவுகளில் திரும்ப வேண்டுமென்பதற்காக அதன் உடலை மூன்று துண்டாக்கினார்கள். நடுவே சாரதி நிற்கும் அறை. முன்னும் பின்னும் நீண்டு தாழ்ந்த இரண்டு மூக்குகள். ஒவ்வொரு மூக்கின் கீழும் சக்கரங்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டுகள் உண்டு. எஞ்சின் நகரும்போது அத்தண்டுகள் ஆறுதலாகக் காலெடுத்து வைப்பதைக் கண்டவருக்கு முதலை என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது. மலையிறங்கும்போது தன் மோட்டார்களையே மின்பிறப்பாக்கிகளாக்கி, இறங்கும் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. 1980-களிலே இவை சேவையிலிருந்து முற்றாக விலகின. ஒன்றை லூசேர்ண் நகரத்துப் போக்குவரத்து நூதனசாலையில் நானே தொட்டுப் பார்த்தேன். 2016-இல் 57 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் மலையின் அடிவாரத்திலேயே திறக்கப்பட்டதன் பின், விரைவு ரெயில்கள் வாஸன் தேவாலயத்தை ஒரு தடவைகூடக் காண்பதில்லை.

இனி மாதிரிக்கு வருவோம். ஜெர்மனியிலே கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-இல் தொடங்கப்பட்ட மெர்க்லின் கம்பனி, 1891-இல் லைப்சிக் சந்தையிலே தண்டவாளங்களுக்கு நிலையான அகலங்களை வகுத்து, துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கத்தக்க விளையாட்டு ரெயிலைக் காட்டியது. இன்று சேர்க்கும் இன்பத்துக்கெல்லாம் அதுவே வித்து. ஒரு பெட்டி வாங்கியவன் மறு பிறந்தநாளுக்கு இரண்டு வளைவும் ஒரு பிரிவும் கேட்பான்; தந்தை வாங்காமல் தப்பமுடியாது. 1935-இல் தண்டவாள அகலத்தை 16.5 மில்லிமீற்றராகச் சுருக்கி, வீட்டு மேசையிலே ஓடத்தக்க மின்சார ரெயிலை அது வெளியிட்டது. மெய்யான எஞ்சினின் 87-இல் ஒரு பங்கு என்பது இன்று அந்த அளவுக்குரிய கணக்கு. 1947-இல், போரின் அழிவிலிருந்து ஜெர்மனி இன்னும் எழுந்திராத காலத்தில், அந்த அளவிலே முதலை வந்தது. மெய்யான முதலை 19 மீற்றருக்குச் சற்று மேல்; மாதிரி ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர்.

ஆனால் எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்துவிட முடியாது. அத்தானின் மேசையிலிருந்த வளைவின் ஆரை 36 சென்ரிமீற்றர். அதை 87-ஆற் பெருக்கினால் 31 மீற்றர் வருகின்றது. மெய்யான கொத்தாட் பாதையில் மிக இறுக்கமான வளைவுகளின் ஆரையே ஏறத்தாழ 300 மீற்றர். கணக்குப்படி செய்வதானால் அரை வட்டத்துக்கே ஏழு மீற்றர் அகலம் வேண்டும். கொத்தாட் சுரங்கத்துக்கு 172 மீற்றர் நீளமான நிலவறை வேண்டும்! அதனாலேயே மாதிரி ஓட்டுபவர் வளைவில் ஏமாற்றுகிறார், மலையில் ஏமாற்றுகிறார், தூரத்தில் ஏமாற்றுகிறார். ஓர் இடத்தில் மாத்திரம் அவர் ஏமாற்றுவதில்லை. நான் முகஞ்சுளிப்பதை விட்டது அந்த இடத்தில்தான்.

நீராவி எஞ்சினின் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிகலம் இருக்கும், புகைபோக்கி இருக்கும். ஆனால் அநேகமாக உள்ளே நெருப்புமில்லை, நீருமில்லை. ஒரு மின் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரம் ஆடுதண்டை ஆட்டும். மெய்யான எஞ்சினில் ஆடுதண்டு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஆக, அந்த மாதிரி எவ்வளவு அழகாயிருப்பினும் ஒரு நடிகன். மின் எஞ்சினின் மாதிரியோ அவ்வாறன்று. மெய்யான முதலைக்குள் இருப்பது சுற்றுக் கம்பியும், திசைமாற்றியும், அதன்மேல் உரசும் தூரிகைகளும் கொண்ட ஆடலோட்ட மோட்டார். அத்தானின் முதலைக்குள் இருப்பதும் சுற்றுக் கம்பியும், திசைமாற்றியும், அதன்மேல் உரசும் தூரிகைகளும் கொண்ட ஆடலோட்ட மோட்டார். மெய்யானது மேலே செல்லும் கம்பியைத் தன் கையால் தொட்டு மின்சாரம் வாங்குகின்றது; மாதிரியும், வேண்டுமானால், அப்படியே வாங்கும். அதன் உடலில் ஒரு சிறு நெம்பு இருக்கின்றது. ஒரு பக்கம் தள்ளினால் தண்டவாளத்தின் நடுவேயுள்ள சிறு முளைகளிலிருந்து மின்சாரம் பெறும். மறுபக்கம் தள்ளினால் மேற்கம்பியிலிருந்து பெறும். இதனால் ஒரு விந்தை நிகழ்கின்றது. இரண்டு நிலைமாற்றிகளை வைத்துக்கொண்டு, ஒரே பாதையில், ஓர் எஞ்சினைக் கீழிருந்தும் மற்றொன்றை மேலிருந்தும் வேறுவேறு வேகத்தில் ஓட்டலாம். அன்று அத்தான் அப்படித்தான் ஓட்டிக் காட்டினார். சக்கரத் தண்டுகள் மெள்ள மெள்ள அசைய, மேற்கையின் நுனியில் நீலப்பொறி ஒன்று தெறிக்க, அந்த இருபத்திரண்டு சென்ரிமீற்றர் உருவம் குகைக்குள் புகுந்தபோது, இது பொம்மை அன்று, சிறிய எஞ்சின் என்று எனக்குப் பட்டது.

ஆபத்தில்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். தொடக்க காலத்தில் இருந்தது. வீட்டு மின்சாரத்தையே ஒரு மின்குமிழ் வழியாக இறக்கித் தண்டவாளத்துக்கு விட்ட காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்திலே ஹோர்ன்பி என்ற பெயரில் 1925-இல் வந்த முதல் மின்சார ரெயில், இலண்டன் மெற்றோப்பொலிற்றன் கம்பனியின் மின் எஞ்சினுடைய மாதிரி. அதிலும் வீட்டு மின்சாரத்தில் ஓடும் வகை ஒன்று விற்கப்பட்டது. பிள்ளை தண்டவாளத்தில் கைவைத்தால் என்னாகும் என்பதைக் கேட்கவே நடுக்கமாயிருக்கின்றது. பின்னர் நிலைமாற்றிகள் வந்து, 20 வோல்ற்றுக்கும் குறைவாக இறக்கிவிட்டன. பழைய மெர்க்லின் ரெயில் 16 வோல்ற்றில் ஓடுகின்றது. திசை மாற்றவேண்டுமாயின் ஒரு கணம் 24 வோல்ற் கொடுப்பார்கள். உள்ளேயுள்ள விசை புரளும். சில பழைய எஞ்சின்கள் அப்போது ஒரு துள்ளல் துள்ளும். அதை ஒரு குற்றமாகச் சேர்ப்போர் கருதுவதில்லை. வயதானவரின் இருமலைப்போல அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வேறு பல கம்பனிகள் நேரோட்ட மின்சாரத்தைக் கையாண்டன. ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். முனையை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கும். எளிய முறைதான். ஆனால் பாதை வளைந்து தன்னிடமே திரும்பி வந்து சேருமாயின் நேரும் எதிரும் முட்டிக் குறுஞ்சுற்று ஏற்படும். நடுவே மூன்றாவது தொடுகை உள்ள பாதையில் அந்தத் தொல்லை இல்லை. 1980-களுக்குப் பின் எஞ்சின் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்சுற்று வைத்து, அதற்கு ஓர் இலக்கமும் கொடுத்து, அழைத்த எஞ்சின் மாத்திரம் பதில் சொல்லும் முறை பரவிவிட்டது. அது கணினித் துறை; எனக்குப் பழக்கமில்லாதது. அதை விடுகிறேன்.

சேர்ப்போரில் இரு சாதியார் உண்டு. ஒரு சாதியார் எஞ்சினைப் பெட்டியோடு வாங்கி, பெட்டியோடு வைத்து, பெட்டியோடு விற்பவர்கள். பெட்டியின் மூலை மடிந்திருந்தாலே விலை சரியும். மறுசாதியார் ஓட்டுபவர்கள். அத்தானின் முதலை 1950-களில் செய்யப்பட்டது. பழம்பொருட் சந்தை ஒன்றில் பெட்டியில்லாமல், பத்து இடங்களில் வண்ணம் உதிர்ந்து கிடந்ததாம். பெட்டியிருந்தால் அவரால் நினைத்துப் பார்க்கவே இயலாத விலை. இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கினார். அக்கா ஒரு கிழமை பேசவில்லை என்று அக்காவே சொன்னார்.

அவருடைய அயலவர் ஒருவர் முதல் சாதி. கண்ணாடி அலுமாரியிலே போருக்கு முந்திய எஞ்சின்களை வரிசையாக வைத்திருந்தார். ஒருநாள் அவற்றுள் ஒன்றைத் தூக்கியபோது அடிப்பாகம் கையிலேயே பிஸ்கோத்துப் போல நொறுங்கியதாம். இதற்குத் துத்தநாக நோய் என்று பெயர். வார்ப்புக்கான துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்பு சிறிதளவு சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளேயே வீங்கி, வெடித்து, உதிர்ந்துபோகும். மருந்தில்லை. ஓட்டினாலும் வரும், ஓட்டாவிட்டாலும் வரும். ஆகவே அந்த மனிதரின் மேல் பழி போட முடியாது. ஆயினும் நல்ல உலோகத்தாலான எஞ்சினையும் ஓட்டாமல் வைத்திருந்தால் வேறொரு கேடு உண்டு. அச்சுகளில் இட்ட எண்ணெய் பிசினாய் இறுகிவிடும். பத்தாண்டு கழித்து மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகுமேயன்றிச் சுழலாது. ஓடும் எஞ்சினில் தூரிகை தேயும், சக்கரத்து இறப்பர் வளையம் தேயும், இவற்றை மாற்றலாம். நான் பெட்டிக்காரரை இகழவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் 1930-களின் எஞ்சின் எப்படி இருந்தது என்று நாம் அறியமாட்டோம். ஆனால் அத்தானின் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன்.

அந்தப் பயணத்தில் நான் செய்த தவறொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள், அத்தான் தேநீர் எடுக்க மேலே போன சமயம், நானே சிவப்புக் குமிழைப் பிடித்துத் திருப்பினேன். மெள்ளத் திருப்பியிருக்கவேண்டும். அதிபராயிருந்து பழகியவன், சொன்னவுடன் எல்லாம் விரையவேண்டும் என்ற நினைப்பு. முதலை வளைவுக்கு வந்தது, வளையவில்லை. சீமெந்துத் தரையில் விழுந்த சத்தம் படிக்கட்டில் நின்றவருக்குக் கேட்டது. மேற்கை வளைந்து, மூக்கில் புதிதாக ஓர் உரசல். நான் வாயடைத்து நின்றேன். அத்தான் கிண்ணங்களை வைத்துவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார். “கீறல் பத்து இருந்தது, பதினொன்று ஆச்சு. அது கிடக்கட்டும் மச்சான், ஓடுதோ பார்ப்பம்” என்றார். ஓடிற்று.

அன்றிரவு அவர் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது கொடிகாமத்தில் யாழ்தேவி ஏறித்தான் கொழும்புக்குப் போனார். 1990-இல் அந்த ரெயில் யாழ்ப்பாணம் வருவது நின்றது; தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் காணாமற் போயின. 2014-இல் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ஓடும்வரை, நான் படிப்பித்த பிள்ளைகள் பலருக்குப் புகையிரதம் என்பது வாசிப்புப் புத்தகத்திலுள்ள ஒரு சொல். “ஊரிலை ஓடாத காலத்திலை, இங்கை ஒவ்வொரு இரவும் வேலை முடிஞ்சு வந்து பத்து நிமிஷம் ஓட்டிப்போட்டுத்தான் படுத்தனான்” என்றார் அத்தான். அவர் ஓட்டியது யாழ்தேவியை அன்று. சுவிற்சர்லாந்துச் சரக்கு ரெயிலை. அதனால் என்ன குறைந்தது என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

சில ஆண்டுகளில் அவருக்குக் கைநடுக்கம் வந்தது. சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி வைக்க விரல் நில்லாது. பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. அங்கே இது பல வீடுகளில் நடக்கும் கதைதான். மெர்க்லின் கம்பனியே தனது நூற்றைம்பதாவது ஆண்டாகிய 2009-இல் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடியது; 2013-இல் வேறொரு விளையாட்டுப் பொருட் குழுமத்தின் உரிமையாளர் கைக்கு மாறியது. அத்தான் தம் எஞ்சின்களை ஒவ்வொன்றாக விற்றார். முதலையை விற்கவில்லை. 2022 சித்திரையில் உறவினர் ஒருவரின் கைப்பையில், நிலைமாற்றியோடும் ஒரு வட்டத் தண்டவாளத்தோடும், என் பாடசாலைக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கக்கூடாது.

ஆசிரியர்கள் அலுமாரியில்தான் வைக்கச் சொன்னார்கள். கடிதத்தைக் காட்டினேன். இரு நாட்டு வீட்டு மின்சாரமும் 230 வோல்ற். செருகியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அவ்வாண்டு நாட்டில் மின்சாரம் மணிக்கணக்காக வெட்டப்பட்ட ஆண்டு அல்லவா? கரியில்லாத நாட்டிலிருந்து புறப்பட்ட எஞ்சின், மின்சாரமில்லாத நாட்டுக்கு வந்து மண்டபத்து மேசையில் அசையாமல் நின்றது. பிள்ளைகள் வெட்டு அட்டவணையைப் பார்த்து வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஒரு பிற்பகல் மின்விசிறி அசைந்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் குமிழைத் திருப்பச் சொன்னேன். மெள்ளத் திருப்பச் சொன்னேன். முதலை ஒரு துள்ளல் துள்ளிவிட்டு நடந்தது. “சேர், புகை எங்கை?” என்றாள் அவள். அடுத்த இரண்டு பாடவேளைகளும் அந்தக் கேள்விக்கே போயின.

தகரத் தண்டவாளத்தில் நமது உப்புக் காற்று துரு ஏற்றுகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் மாணவர் இருவர் துடைத்து, ஊசி முனையால் ஒரு துளி எண்ணெய் இடுகிறார்கள். போன தவணை மேசையிலிருந்து ஒரு தடவை விழுந்தும்விட்டது. பன்னிரண்டாவது கீறல் என்று அத்தானுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். குரல் இப்போது அவருக்குத் தெளிவில்லை, கேட்டது ஒன்றுதான்.

“ஓடுதோ?”

ஓடுகிறது என்றேன்.